புகைப்புரையில் காய்ந்த ஆரஞ்சு

எங்கள் ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்பதை டிசம்பர் மாதத்தில் சாலையில் நின்றபடியே சொல்லிவிடலாம். கருங்கல்லுக்குப் போகிற சாலையில் இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் ஸ்டார் எரியும். நடுவில் ஒரு வீடு மட்டும் ஸ்டார் இல்லாமல் கிடந்தால் அந்த வருஷம் அங்கே யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். அந்த வீட்டில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து தட்டில் மூடி வரும். அப்பா இறந்த வருஷம் அப்படி வந்த பலகாரத்தை நானும் அண்ணனும் தின்று தீர்க்கப் பொங்கல் வரை ஆனது.

நான் சொல்ல வந்த வருஷத்தில் எங்கள் வீடு இந்த இரண்டு கணக்கிலும் சேரவில்லை. அண்ணனுக்குச் சரக்குக் கப்பலில் சமையல் வேலை. ஜூலையில் ஒருநாள் காலை, கப்பலில் இருந்தவர்கள் சாப்பிட வந்து பார்த்தபோது சமையலறை விளக்குகூடப் போடாமல் கிடந்திருக்கிறது. ஆளைக் காணோம். கப்பலைத் திருப்பித் தேடினார்கள். மற்றக் கப்பல்களுக்கும் சொல்லித் தேடினார்கள். கடைசியில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அவர்கள் சொன்னது "காணவில்லை" என்ற ஒரே வார்த்தைதான். இறந்துவிட்டார் என்று ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை. மைனி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள்.

மைனி என்றால் அண்ணன் மனைவி. கல்யாணம் முடிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. அண்ணன் கப்பலில் இருந்த நாட்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது சில மாதங்கள்தான். வீட்டில் அம்மா, மைனி, நான் என்று மூன்று பெண்கள். நான் நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன், தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். அரைப்பரீட்சை விடுமுறைக்கு முன்பே உடம்பு சரியில்லை என்று சொல்லி லீவு எடுத்துவிட்டேன். உண்மையில் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அவர்கள் இரண்டு பேரையும் தனியாக விட்டுப் போகப் பயமாக இருந்தது.

அம்மாவுக்கு ஆராதனை வேண்டும். உடல் கிடைக்காவிட்டாலும் போதகரைக் கூப்பிட்டு, கோயிலில் ஒரு நினைவு ஆராதனை நடத்தி, பெற்ற பிள்ளைக்காக நாலு பேர் நடுவில் உட்கார்ந்து அழ வேண்டும். மைனிக்கு அது ஆகாது. "மாமி, ஆளு செத்ததுக்கு யாராவது சாட்சி சொன்னாகளா?" என்று கேட்பாள். அம்மா, "அஞ்சு மாசமா போன் பண்ணாதவனா எனக்க மவன்?" என்பாள். போதகர் நல்ல மனிதர், ஆனால் இருதலைக் கொள்ளி எறும்பாகிவிட்டார். கடைசியில், "மனைவி சம்மதிக்காம நான் வைக்க மாட்டேன் அம்மா" என்று சொல்லிப் போய்விட்டார். ஆக, அண்ணன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பது மைனி தலையாட்டுவதில் வந்து நின்றது. அவள் தலையாட்டினால் விதவை, ஆட்டாவிட்டால் புருஷன் உள்ளவள். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம். ஒருத்திக்கு இவ்வளவு அவசரம் ஏன், இன்னொருத்திக்கு இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே திரிந்தேன்.

ஸ்டார் விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டோம். போட்டால், "புருஷன் போன எடம் தெரியல, இவளுக்கு ஸ்டாரு கேக்குது" என்று ஊர் பேசும். போடாவிட்டால் அவன் செத்தான் என்று நாங்களே ஒத்துக்கொண்டதாகிவிடும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. பக்கத்து வீட்டுச் சித்தி, அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை, டிசம்பர் பிறந்ததுமே வேலிப்பக்கம் வந்து நின்று, "மக்கா, பலகாரம் நான் கொண்டு வரட்டா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். மைனி சிரித்துக்கொண்டே, "என்னத்துக்கு சித்தி, இஞ்ச யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சித்தி ஓர் அடி பின்னால் போனதை நான் பார்த்தேன்.

அடுத்த நாள் மைனி கருங்கல் சந்தைக்குப் போய் ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கி வந்தாள். மலை எஸ்டேட்டிலிருந்து வருகிற கிராம்பு அரைக்கிலோ, பட்டை, தக்கோலம் என்கிற அன்னாசிப்பூ, சிவப்பு ரிப்பன் எல்லாம் வாங்கியிருந்தாள். போன கிறிஸ்துமஸுக்கு அண்ணன் கப்பலிலிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். சாப்பாட்டு அறையில் முழு ஆரஞ்சுகளைச் சுற்றிக் கிராம்பைக் குத்தி, ரிப்பன் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நடுவில் ஆரஞ்சு வில்லைகளும் பட்டைக் குச்சிகளும் சேர்த்துக் கோத்த மாலைகள். கூட வேலை பார்த்த வெள்ளைக்காரர் சொல்லிக்கொடுத்ததாம். "நம்ம மலைக் கிராம்ப வச்சு நம்ம வீட்டுல செய்யலாம், அடுத்த கிறிஸ்மஸுக்கு நான் வந்திருவேன்" என்று அதில் சொல்லியிருந்தான். மைனி போனைத் தரையில் சாய்த்து வைத்து, அந்த வீடியோவை ஓடவிட்டபடி வேலையைத் தொடங்கினாள். ஸ்டார் போடக்கூடாது என்று ஊரில் வழக்கம் இருக்கிறது, ஆரஞ்சு தொங்கவிடக்கூடாது என்று எவனும் சொல்லி வைக்கவில்லை. அவள் கெட்டிக்காரி என்று அப்போது நினைத்தேன்.

பார்த்தால் எளிது, செய்வதுதான் கஷ்டம். கிராம்பை அப்படியே அழுத்தினால் தலை உடைந்துவிடும். கோணி ஊசியால் முதலில் தோலில் துளை போட்டு, பிறகு கட்டைவிரலால் கிராம்பைத் தள்ள வேண்டும். சாறு பீய்ச்சிக் கண்ணில் அடிக்கும். பத்துக் கிராம்பு குத்துவதற்குள் விரல்நுனி எரியத் தொடங்கும். அம்மா இந்தப் பக்கமே வரவில்லை. "பிள்ளைக்க எலும்புகூடக் கைக்கு வரல, இவ ஆரஞ்சுக்குக் குத்து வேல பாக்கா" என்று சமையல்கட்டிலிருந்து குரல் மட்டும் வந்தது.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. முதலில் செய்த ஆரஞ்சுகள் நாலைந்து நாளில் பச்சையாகப் பூசணம் பூத்துப்போயின. வெட்டி வைத்த வில்லைகள் கொழகொழவென்று ஒட்டிக்கொண்டன. வெயிலைப் பார்த்துக் காத்திருந்து பயனில்லை என்று தெரிந்ததும் மைனி ஒரு காரியம் செய்தாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைப்புரை உண்டு. ஓடு வேய்ந்த சின்ன அறை, கீழே தீக்குழி, மேலே மூங்கில் கம்புகளில் ஷீட்டுகள் துணி காயப்போட்ட மாதிரி தொங்கும். நாள் முழுக்கப் புகைந்துகொண்டே இருக்கும். அந்த ஷீட்டுகளுக்கு நடுவில் ஒரு கம்பை ஒதுக்கி, வில்லைகளைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டாள். குத்தின ஆரஞ்சுகளையும் ஒரு பழைய முறத்தில் வைத்து மேலே ஏற்றினாள்.

"மைனி, எல்லாம் ரப்பர் நாத்தம் அடிக்கும்" என்றேன்.

"பின்ன, வெயிலுக்கு நான் எஞ்ச போவேன் மக்கா? காஞ்சா போதும்."

ரப்பர் இல்லாத ஊரில் யாரும் இந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்திருக்க மாட்டார்கள். எங்களுக்கோ மழைக்காலத்தில் மீன் முதல் பள்ளிக்கூடச் சட்டை வரை எது காயாவிட்டாலும் கால் புகைப்புரைப் பக்கம்தான் போகும்.

சில நாளில் வில்லைகள் நன்றாகக் காய்ந்து, ஓரம் சுருண்டு, தேன் நிறத்தில் வந்தன. முழு ஆரஞ்சுகள் சுருங்கிக் கல்லாகியிருந்தன. மைனி முன் அறையில் ஜன்னல் கம்பி, சுவர் ஆணி, அண்ணன் படத்துக்குப் பக்கத்துக் கொக்கி என்று எல்லா இடத்திலும் தொங்கவிட்டாள். நான் அப்போது கடைக்குப் போயிருந்தேன். மழைக்காகக் கதவு ஜன்னல் எல்லாம் அடைத்திருந்தது. திரும்பி வந்து குடையை மடக்கி, கதவைத் தள்ளி, ஒரு கால் உள்ளே வைத்ததும் நான் சொன்ன வார்த்தை, "அண்ணன் எப்பம் வந்தான்?"

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது.

அண்ணனின் மணம் அது. படிப்பு முடிந்து கப்பலுக்குப் போகிறவரை புகைப்புரையைப் பார்த்துக்கொண்டவன் அவன்தான். எத்தனை துவைத்தாலும் அவன் சட்டையில் ரப்பர் புகை இருக்கும். லீவில் வந்தால்கூடப் பெட்டியை வைத்த கையோடு அந்த அறைக்குள் போய்ச் சிகரெட் பிடித்துவிட்டு வருவான். அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கக் கிராம்பை மென்றுகொள்வான். புகையும் கிராம்பும் சேர்ந்தால் அவன்தான், கண்ணை மூடினால் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். மைனி வேண்டுமென்று செய்யவில்லை. அறை நடுவில் கையைத் தொங்கப்போட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"உனக்கும் அடிக்குதா?" என்று மெதுவாகக் கேட்டாள். தலையாட்டினேன்.

கழற்றி எறிந்திருக்கலாம். இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. சொல்ல வெட்கமில்லை, எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னால் மணம் ஒரு தரம் கூடி வரும், யாரோ கடந்து போனது போல. காற்று என்று தெரியும். இருந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன், திரும்பினால் இல்லாமல் போய்விடும் என்று அப்படியே நிற்பேன். அண்ணன் அறையில் நாங்கள் ஒரு வில்லைகூடத் தொங்கவிடவில்லை, ஆனால் மணம் அதிகமாக இருந்தது அங்கேதான்.

அதற்குப் பிறகு ஆரஞ்சுகள் தானாக முடியத் தொடங்கின. நானும் மைனியும் பாதி குத்தி முறத்தில் வைத்துவிட்டுப் போவோம். தண்ணீர் எடுத்தோ துணி மடித்தோ வந்து பார்த்தால் மீதி முடிந்திருக்கும். எங்கள் வரிசை கோணல்மாணலாகப் போகும். இது நூல் பிடித்தது போல, வீடியோவில் அண்ணன் கையில் வைத்துக் காட்டிய அதே சுற்றுவரிசை. நான் மைனி என்று நினைத்தேன், அவள் நான் என்று நினைத்தாள். ஒருநாள் மதியம் இரண்டு பேரும் சேர்ந்தே கடைக்குப் போய்த் திரும்பினோம். முறத்தில் ஓர் ஆரஞ்சு முழுக்க முடிந்து, ஈரம்கூடக் காயாமல் இருந்தது. மைனி என் கையைப் பிடித்தாள். அவள் முகமெல்லாம் சந்தோஷம், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்றைக்கே சித்தியும் வந்தாள். கேட்டுக்குள் வந்தவள் படியில் ஏறாமல் நின்று மூக்கை உறிஞ்சி மோந்தாள்.

"மக்கா, வீட்டுல ஆம்பள யாராவது வந்திருக்கா?"

"இல்லியே சித்தி."

"பின்ன ஒண்ணுமில்ல" என்றாள். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். எதற்கு வந்தாள் என்று அவளுக்கே மறந்துபோயிருந்தது.

அம்மா ஆராதனையைப் பற்றிப் பேசுவதை நிறுத்தி ஒரு வாரம் ஆகியிருந்தது. மழையில் தளர்ந்துபோயிருக்கிறாள் என்று நினைத்தோம். பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. சோறு கூட வடித்தாள். மீன் வாங்கும்போது தலைத்துண்டை ஒதுக்கி வைத்தாள், எங்கள் வீட்டில் தலை தின்பவன் அவன் ஒருத்தன்தான். ஒருநாள் மாலை சமையல்கட்டிலிருந்து, "வெந்நி கொதிக்குது, குளிச்சிட்டு வா மக்கா" என்று குரல் கொடுத்தாள். நான் ஏற்கெனவே குளித்திருந்தேன். மைனி அப்போதுதான் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், சாப்பாடு முடிந்த நேரம். அண்ணன் அறைக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. தள்ளிப் பார்த்தேன். அம்மா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள், ஒரு பக்கம் ஒதுங்கி, இன்னொருத்தர் படுக்க இடம் விட்டு. மடியில் ஆரஞ்சு. ஊசி இல்லாமல் வெறும் கட்டைவிரலால் கிராம்பை அழுத்திக்கொண்டிருந்தாள். விரல்நுனி முழுக்கக் கறுத்த பொட்டுப் பொட்டாகப் புண். ஒவ்வொன்றைக் குத்தும்போதும் முகத்தில் ஒரு சுளிப்பு, பிறகு சிரிப்பு.

"அம்மா, நீங்களா இதெல்லாம் செஞ்சிய?"

"அவன்தாண்டி செய்யுகான். கை கடுக்குதுன்னான், மிச்சத்த எனக்கிட்ட தந்தான்." குரலைத் தாழ்த்தினாள். "சத்தம் போடாத. இப்பந்தான் கண்ணசந்தான்."

சொல்லிவிட்டுத் தலையணைப் பக்கம் பார்த்தாள். நானும் பார்த்தேன். படுக்கையில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அறையில் புகையும் கிராம்பும் மூச்சு முட்டுகிற அளவுக்கு நின்றன. அம்மாவைப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் ஒரு நொடி நானும் மெதுவாக மூச்சுவிட்டேன், எழுந்துவிடக்கூடாதே என்று.

திரும்பினால் எனக்குப் பின்னால் மைனி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. அம்மாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாதம் அவள் எப்படிக் காத்திருந்தாளோ அப்படியே இன்னொருத்தி காத்திருப்பதைப் பார்க்கிற முகம் அது. இவ்வளவு நாளும் அவள் எதிரில் அம்மா என்று ஒருத்தி, அவன் செத்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தத் தைரியத்தில்தான் இவளால் இல்லை இல்லை என்று மறுக்க முடிந்தது. இப்போது அதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை.

கேட் திறக்கிற சத்தம் கேட்டது. சித்தி. இந்தத் தடவை அவள் யாரிடமும் கேட்கவில்லை, பெரிய எவர்சில்வர் தட்டில் துணி போட்டு மூடிக் கொண்டு வந்துவிட்டாள். நாங்கள் முன் அறைக்கு வருவதற்குள் அம்மா எங்களைத் தாண்டிப் போய் வாசலை மறித்து நின்றாள்.

"இது என்னத்துக்கு?"

"அக்கா, பிள்ளியளுக்கு..."

"கொண்டு போ. எனக்க வீட்டுல எழவு விழல. எனக்க பிள்ள உள்ள கெடந்து ஒறங்குகான்."

சித்தி தட்டோடு நின்றாள். சாலையில் இரண்டு மூன்று பேர் நடையைத் தளர்த்தினார்கள். நான் அம்மாவின் தோளைத் தொட்டேன், உதறிவிட்டாள். மைனி பக்கத்தில் வந்தாள். அம்மாவை விலக்கவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலாக இரண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கினாள்.

"தாங்க சித்தி" என்றாள்.

எங்கள் ஊரில் அந்த ஒரு சொல்லுக்கு மேல் எதுவும் தேவையில்லை. சித்தியின் கண் உடனே நிறைந்துவிட்டது. தட்டைக் கொடுத்த கை அப்படியே நீட்டியபடி இருந்தது.

மைனி தட்டைத் தரையில் வைத்து உட்கார்ந்தாள். துணியை விலக்கி ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துக் கடித்தாள். நன்றாக மென்று விழுங்கினாள். இன்னொன்றை எடுத்து எழுந்து வந்து அம்மாவின் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"அவனுக்கு?" என்று கேட்டாள் அம்மா. "அவனுக்கு ஒண்ணு எடுத்து வை."

"அவிய இல்ல மாமி."

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் மைனியை மாதிரி தைரியசாலி இல்லை, தலையைக் குனிந்துகொண்டேன். மைனியின் கை அசையவில்லை. கடைசியில் அம்மா வாயைத் திறந்தாள். சின்னப் பிள்ளை மருந்தை வாங்குவது போல வாங்கி, ரொம்ப நேரம் மென்றாள். விழுங்கியதும் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஜூலையிலிருந்து அவள் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்த அழுகை அதுதான். மைனி அவளைக் கட்டிக்கொண்டு அப்படியே தரையில் சரிந்தாள், இரண்டு பேரின் குரலையும் பிரித்துக் கேட்க முடியவில்லை.

நான் போய் ஜன்னல்களைத் திறந்தேன். சாலையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எங்கள் படிக்கட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொருவராக உள்ளே வரத் தொடங்கினார்கள்.